"நம்ம ஆளு எத்தனை பேர்?": மலேசிய இன ஒதுக்கீடு பற்றிக் காரைக்குடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் தேர்தல் முடிந்தாலும் சரி, அமைச்சரவையை மாற்றினாலும் சரி, எனக்கு இங்கே போன் வர ஆரம்பித்துவிடும். பதினோரு வருஷம் ஈப்போவில் கணக்கு எழுதிவிட்டுத் திரும்பியவன் என்பதால் அந்த நாட்டைக் கரைத்துக் குடித்தவன் என்று ஊரில் ஒரு நினைப்பு. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அங்கே சொந்தம் உண்டு. சிலருக்கு இன்னும் முடியாத சொத்து வழக்கு உண்டு. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசின மாதிரியே விட்டிருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும், அதை மறைக்கப் போவதில்லை.

அங்கே இன ஒதுக்கீடுன்னு சொல்றாங்களே, அது சட்டத்துலயே இருக்கா?

இருக்கிறது, ஆனால் பாதிதான். நாம் ஒரே பேரில் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, சட்டத்தில் உள்ளது. மலேசிய அரசியலமைப்பின் 153வது பிரிவு, மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் மாநிலப் பூர்வகுடிகளுக்கும் ஒரு சிறப்பு நிலை தருகிறது. அரசு வேலை, உதவித்தொகை, கல்வி வசதி, தொழில் உரிமங்கள் ஆகியவற்றில் இவர்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவைக்கச் சொல்லி மாமன்னருக்குப் பொறுப்பு கொடுக்கிறது. இவர்களைத்தான் பூமிபுத்ரா என்கிறார்கள், மண்ணின் மைந்தர் என்று அர்த்தம். அந்தச் சொல் அந்தப் பிரிவிலேயே இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாவது எந்தச் சட்டத்திலும் கிடையாது. எந்தத் தொகுதி எந்த இனத்துக் கட்சிக்கு, அமைச்சரவையில் எந்த இனத்துக்கு எத்தனை நாற்காலி என்று கூட்டணிக்குள் பிரித்துக்கொள்கிற ஏற்பாடு. போனில் என்னிடம் கேட்கிற "நம்ம ஆளு எத்தனை பேர்?" இந்த இரண்டாவதைப் பற்றியதுதான். முதலாவதை மாற்ற நாடாளுமன்றம் மட்டும் போதாது, மலாய் சுல்தான்களின் ஆட்சியாளர் மன்றமும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவதை மாற்ற ஒரு சட்டத்தையும் தொட வேண்டாம், கட்சிக்காரர்கள் மனசு வைத்தால் போதும். அவர்கள் மனசு வைப்பது சட்டத்தை மாற்றுவதை விடக் கஷ்டம் என்று தோன்றுகிற நாட்களும் உண்டு.

மலாய்க்காரர்னு யாரைச் சொல்றது?

இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய் மொழி பேசி, மலாய் வழக்கங்களைக் கைக்கொள்பவர் என்று 160வது பிரிவு விளக்கம் சொல்கிறது. அதாவது இரத்தத்தை விட மதம்தான் முக்கிய அடையாளம். இனம் என்று பேச ஆரம்பித்தாலே அங்கே மதமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்வது இதனால்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பண்ணிவச்ச வேலைதானே? நம்ம ஆளுக என்ன தப்புப் பண்ணினாங்க?

இந்தக் கேள்விக்குச் செட்டிநாட்டில் உட்கார்ந்து பதில் சொல்வது கொஞ்சம் சங்கடம், ஆனால் சொல்லியாக வேண்டும்.

மலாய்க்காரர் வயலில், சீனர் ஈயச் சுரங்கத்தில், தமிழர் ரப்பர்த் தோட்டத்தில் என்று ஆளுக்கொரு மூலையில் வைத்தது வெள்ளைக்காரன்தான், சந்தேகமில்லை. ஆனால் தமிழர் என்று ஒரே சொல்லில் முடிப்பது பொய். என் தாத்தா கிள்ளானில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், சமையல்காரராகப் போனார். அவர் தம்பி பேராக்கில் ஒரு தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போனார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். கிட்டங்கியில் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக்கணக்கு எழுதியவரும் தோட்டத்தில் விடியற்காலம் ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு நின்றவரும் அரசாங்கக் கணக்கில் ஒரே "இந்தியர்".

அந்தப் பெட்டியடியிலிருந்து போன கடன் மலாய் விவசாயிக்கும் போனது, நிலத்தை அடகு வாங்கிக்கொண்டு. மலாய்க்காரர் நிலம் மற்றவர் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளை அரசாங்கம் 1913ல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் கொண்டுவந்தது. 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்து, கடன் திரும்பாமல், நிலங்கள் கைமாறுகிற நிலை வந்தபோது அந்தச் சட்டத்தை 1933ல் இறுக்கினார்கள். இரண்டு முறையும் அதிகாரிகளின் பேச்சில் அடிபட்ட பெயர் செட்டியார். ஏறக்குறைய அதே காலத்தில் பர்மாவில் என்ன நடந்தது என்று கானாடுகாத்தான் வீடுகளில் நிற்கிற தேக்குத் தூண்களைக் கேட்டால் தெரியும். கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் கால்வாசி சில வருஷத்துக்குள் செட்டியார் கணக்குக்கு வந்து, அப்புறம் எல்லாமே போனது.

கடன் கொடுத்தவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் தொழில் அது, கடன் கேட்டு வந்தவருக்கு வேறு எந்த பேங்க்கும் கதவு திறக்கவில்லை. ஆனால் "நாம ஒண்ணுமே பண்ணல, சும்மா இருந்தவங்களை ஒதுக்கிட்டாங்க" என்று கதை சொல்வதற்கு முன்னால் நம் ஊர் இரும்புப் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடலாம். மலாய்க்காரரின் பயம் காற்றில் முளைத்தது அல்ல. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தவர் பெட்டியடியில் இருந்தவர் இல்லை, பால்மரம் வெட்டினவர்.

பதினஞ்சு வருஷத்துக்குத்தான்னு சொல்லி ஏமாத்திட்டாங்களாமே?

அரைகுறையாக வந்து சேர்ந்த சேதி. சுதந்திரத்துக்கு முன் அரசியலமைப்பை வரைந்த ரீட் குழு, இந்தச் சிறப்பு நிலையை 15 வருஷத்துக்குப் பிறகு மறுஆய்வு செய்யலாம் என்று பரிந்துரைத்தது. 1957ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் அந்தக் காலக்கெடு இல்லை. ஆகவே சட்டப்படி யாரும் வாக்கு மீறவில்லை. பதிலுக்கு மலாய் அல்லாதவர்களுக்குக் குடியுரிமை தாராளமானது. கொடுக்கல் வாங்கல் அப்படித்தான் முடிந்தது.

நம் நாட்டிலும் இதே மாதிரி ஒரு தவறான பேச்சு உண்டு, "அம்பேத்கர் பத்து வருஷம்தான் சொன்னார்" என்று. அந்தப் பத்து வருஷம் மக்களவை, சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்கு மட்டும்தான், 334வது பிரிவு. படிப்புக்கும் வேலைக்கும் அப்படி எந்தக் கெடுவும் வைக்கவில்லை. தொகுதிக் கெடுவையும் நாடாளுமன்றம் பத்துப் பத்து வருஷமாக நீட்டிக்கொண்டே வந்து இப்போது 2030 வரை நிற்கிறது. காலக்கெடு எழுதினாலும் எழுதாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இதைப் பார்த்தால் தோன்றும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது: நீட்டிப்பதற்காகவாவது பத்து வருஷத்துக்கு ஒருமுறை சபையில் எழுந்து பேச வேண்டியிருக்கிறது. மலேசியாவில் அந்தச் சிறப்பு நிலையைப் பற்றிக் கேள்வி எழுப்புவதே தேசத்துரோகக் குற்றமாகலாம், நாடாளுமன்றத்துக்கு உள்ளே பேசினாலும்கூட. 1971ல் அப்படித் திருத்தினார்கள்.

ஏன் 1971?

1969 மே 13. தேர்தல் முடிந்து மூன்றாம் நாள் கோலாலம்பூரில் இனக்கலவரம். அரசாங்கக் கணக்குப்படி செத்தவர்கள் 196 பேர், பெரும்பாலும் சீனர்கள். நாடாளுமன்றத்தை முடக்கினார்கள். திரும்பத் திறந்தபோது புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது, 1971 முதல் 1990 வரை. ஒன்று, இனம் பார்க்காமல் வறுமையை ஒழிப்பது. இன்னொன்று, இன்ன இனத்துக்கு இன்ன தொழில் என்கிற நிலையை உடைப்பது, அதற்காகக் கம்பெனிப் பங்குகளில் பூமிபுத்ரா கையில் 30 விழுக்காடு சேர்ப்பது. 1970ல் அது 2.4 விழுக்காடுதான் இருந்தது.

இதே சமயத்தில்தான் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கினார்கள். ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் "மலாயாக்காரர் வீடு" என்று இன்னும் சொல்கிறார்களே, அதில் சில அவர்களுடையது. பணம் சேர்த்துக்கொண்டு வந்தவர்கள் வீடு என்று நினைத்துவிட வேண்டாம். குடியுரிமை இல்லாதவருக்குக் கொடுக்கிற சிவப்பு அடையாள அட்டையோடு வந்தவர்கள்.

சரி, அந்தக் கொள்கை பலிச்சதா இல்லையா? நேராச் சொல்லு.

பலித்தது. இதை ஒத்துக்கொள்ளாமல் மேலே பேசுவதில் அர்த்தமில்லை. தீபகற்ப மலேசியாவில் 1970ல் பாதிக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன, 1990க்குள் அது ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்தாக இறங்கியது. கிராமத்து மலாய்க்காரர் வீட்டிலிருந்து டாக்டர், இன்ஜினியர், கணக்காய்வாளர் என்று ஒரு தலைமுறையே எழுந்து வந்தது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர் அப்படி வந்தவர்தான், அவர் அப்பா மீன்பிடிக்கிறவர். அவரைப் போல வேலை தெரிந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

எங்கே கோளாறு என்றால், முதல் பாதியில் எழுதியிருந்த "இனம் பார்க்காமல்" என்பது போகப் போக மங்கி, இரண்டாவது பாதி மட்டும் கொழுத்தது. பங்கு ஒதுக்கீடு கிடைத்தவர்களில் கட்சிக்கு வேண்டியவர்கள் நிறைய. தோட்டங்களைத் துண்டாடி விற்று, வீட்டுமனையும் கோல்ஃப் மைதானமுமாக ஆக்கியபோது வெளியே வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒதுக்கீட்டுக் கணக்கில் ஒரு கட்டமே இல்லை. ஏழை என்ற கட்டத்தில் அவர்கள் இருந்திருக்க வேண்டும். அந்தக் கட்டத்தைத்தான் யாரும் நிரப்பவில்லை.

தமிழ்நாட்டுல 69 விழுக்காடு வேணும்னு சண்டை போடுறோம். அங்க போய் ஒதுக்கீடு கூடாதுங்குறோம். இது ரெட்டை நாக்கு இல்லையா?

என்னை அதிகமாக யோசிக்கவைத்த கேள்வி இது. கேட்டது காரைக்குடிக் கல்லூரியில் படிக்கிற ஒரு பையன். அவனுக்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

ஒதுக்கீடு என்பதையே நான் எதிர்க்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1921ல் நீதிக்கட்சி ஆட்சியில் வந்த வகுப்புவாரி ஆணை இல்லாவிட்டால் நம் வீடுகளில் பாதியில் இன்றைக்கு டிகிரி இருக்காது. அது 1951ல் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டதும், தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பில் அரசியலமைப்பையே முதல்முறையாகத் திருத்தியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஆனால் இங்கேயும் அங்கேயும் அது நடந்த விதத்தைப் பாருங்கள். இங்கே பெட்டிக்குள் பெட்டி பிரித்துக்கொண்டே வந்தோம். பிற்படுத்தப்பட்டோரிலிருந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோரைப் பிரித்தோம், இப்போது 20 விழுக்காடு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 தனியாக வைத்தோம். பட்டியல் சாதியினரின் 18க்குள் அருந்ததியருக்கு 3 என்று 2009ல் வைத்தோம். 2020ல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு, அதுவும் ஒவ்வொரு பிரிவுக்கு உள்ளேயே. "உன் பெட்டிக்குள் உன்னைவிட ஏழை ஒருத்தன் இருக்கிறானே, அவன் எங்கே?" என்ற கேள்வி இங்கே நிற்கவே இல்லை. சண்டை சச்சரவோடுதான், ஆனால் நிற்கவில்லை. வசதி வந்தவர்களை வெளியே எடுக்கிற விஷயத்தில் மட்டும் தமிழ்நாடு காது கேளாத மாதிரி இருக்கிறது, அதுவும் உண்மை.

அங்கே பெட்டி ஒன்றே ஒன்று, பூமிபுத்ராவா இல்லையா. 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் 69 விழுக்காட்டுக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறார்கள். அமைச்சரின் மகனும் கிளந்தான் நெல் விவசாயியின் மகளும் ஒரே பெட்டி. சரவாக் காட்டோரத்து இபான் பழங்குடிப் பிள்ளை தாளில் பூமிபுத்ரா, கிடைப்பதில் அல்ல. வெளியே இருக்கிற பெட்டியிலும் அதே கதை: பினாங்கில் இரண்டு கடைவீடு வாடகைக்கு விட்டிருக்கிற சீனரும், என் சின்னத் தாத்தாவின் பேத்தியும் ஒன்று.

நகரத்தார் கோயில் கணக்கில் புள்ளி என்று ஒன்று உண்டே, கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, லட்சாதிபதியும் ஒரு புள்ளி, கஷ்டப்படுகிறவரும் ஒரு புள்ளி. சாமி முன்னால் எல்லோருக்கும் ஒரே மரியாதை என்பதால் அந்தக் கணக்கு அழகு. அரசாங்கம் ஸ்காலர்ஷிப் கொடுக்கிற இடத்தில் அதே கணக்கைப் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் மலேசியா. அந்தப் பையனுக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ம.இ.கா. இருந்ததே, அவங்க என்ன செஞ்சாங்க?

மலேசிய இந்தியர் காங்கிரஸ், 1946ல் தொடங்கியது. கட்சிகளுக்குள் ஒதுக்கீடு எப்படி வந்தது என்பதற்கு ஒரு காட்சி: 1955ல் முதல் கூட்டரசுத் தேர்தல், 52 இடங்கள். வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். ஆனாலும் மலாய்க்காரர் கட்சியான அம்னோ, கூட்டணியில் தனக்கு 35 வைத்துக்கொண்டு, சீனர் சங்கத்துக்கு 15ம் ம.இ.கா.வுக்கு 2ம் கொடுத்தது. மலாய் வாக்காளர்கள் அந்தச் சீன, தமிழ் வேட்பாளர்களுக்குப் போட்டு 51 இடத்தை ஜெயிக்கவைத்தார்கள். எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம். அதற்கு நாலு வருஷம் முன்னால்தான் அம்னோவைத் தொடங்கிய டத்தோ ஓன் ஜாஃபார், "எல்லா இனத்துக்கும் கட்சியைத் திறந்துவிடுவோம்" என்று சொல்லி, யாரும் கேட்காததால் வெளியேறி, தனிக்கட்சி கண்டு தோற்றிருந்தார். ஒரே கட்சிக்குள் சேர வேண்டாம், தனித்தனிக் கட்சியாக இருந்து பங்கு போட்டுக்கொள்வோம் என்கிற வழி அன்றைக்கு ஜெயித்தது. அடுத்த அறுபது வருஷம் அதுதான் வழி.

அந்தப் பங்கிலும் நல்லது நடந்திருக்கிறது. ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தோட்டத் துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்து 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டங்களையே வாங்கினார். என் சின்னத் தாத்தா கடைசிவரை அந்தப் பங்குச் சீட்டைத் திருநீற்று மரவையில்தான் வைத்திருந்தார்.

கஷ்டம் என்னவென்றால் நாட்டில் இந்தியர் பெரும்பான்மையாக இருக்கிற நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. 222ல் ஒன்றுகூட. அப்படியானால் ம.இ.கா. வேட்பாளர் ஜெயிப்பது மலாய், சீன ஓட்டில். அந்த ஓட்டு வருவது அம்னோ சொல்லி. ஆக, தமிழருக்காகப் பேச வேண்டியவருக்குத் தமிழரைவிட அம்னோவின் தயவு முக்கியம். இதில் தனிமனிதரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை, யார் உட்கார்ந்தாலும் அந்த நாற்காலி அப்படித்தான் பேசவைக்கும். 2004ல் நின்ற ஒன்பதிலும் ஜெயித்தார்கள். 2007 நவம்பர் 25ல் இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃப் பின்னால் ஆயிரமாயிரமாகத் தமிழர்கள் கோலாலம்பூர் வீதியில் கண்ணீர்ப்புகை வாங்கினார்கள். அடுத்த மார்ச் தேர்தலில் ஒன்பது மூன்றானது. 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியை வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலுவே தோற்றார். ஜெயித்த டாக்டர் ஜெயக்குமாரும் தமிழர்தான், ஆனால் தமிழர் பங்கில் வந்தவர் இல்லை, சோசலிசக் கட்சிக்காரர். எல்லா இனத்து ஏழைகளுக்கும் வைத்தியம் பார்த்து வந்தவர். நான் சொல்ல நினைக்கிற மாற்றத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2018ல ஆட்சியே மாறுச்சே, அப்ப எல்லாம் சரியாயிருக்கணுமே?

61 வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை ஆட்சி மாறியது. இந்திய வம்சாவளியில் நாலு முழு அமைச்சர்கள் வந்தார்கள், எந்தக் காலத்திலும் இல்லாத எண்ணிக்கை. எங்கள் ஊரில் ஸ்வீட் கொடுத்தவர்கள்கூட உண்டு.

அதே வருஷம் இனப்பாகுபாட்டை ஒழிக்கிற ஐ.நா. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம் என்று பேச்சு எழுந்தவுடன், 153வது பிரிவுக்கு ஆபத்து என்று எதிர்ப்புக் கிளம்பி, அரசாங்கம் நவம்பரில் பின்வாங்கியது. பின்வாங்கிய பிறகும் டிசம்பர் 8ல் கோலாலம்பூரில் பெரிய பேரணி. 2019ல் மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பு) இடங்களை 25,000லிருந்து 40,000 ஆக்கினார்கள், ஆனால் பூமிபுத்ராவுக்கு 90, மற்றவருக்கு 10 என்ற விகிதத்தைத் தொடவில்லை. நாலு அமைச்சர் இருந்தும் அந்தப் பத்து பத்தாகவே இருந்தது. "நம்ம ஆளு எத்தனை பேர்?" என்று எண்ணுகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

2023 டிசம்பர்ல தமிழ் அமைச்சரையே எடுத்துட்டாங்களே, அது அநியாயம் இல்லையா?

மனித வள அமைச்சராக இருந்த சிவக்குமாரை எடுத்துவிட்டு, கோபிந்த் சிங் டியோவை இலக்கவியல் அமைச்சராக்கினார்கள். "அவர் சீக்கியர், தமிழர் இல்லை" என்று அன்றைக்கு இரவு மட்டும் எனக்கு ஏழு போன். வலித்தது உண்மைதான், நானும் மனுஷன். ஆனால் கேட்டவர்கள் ஒருவர்கூட அந்த அமைச்சகத்தின் வேலை எப்படி நடந்தது, தொழிலாளர் விஷயத்தில் என்ன மாறியது என்று கேட்கவில்லை. கிரிக்கெட்டில் நம்ம ஊர் ஆள் டீமில் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு ஸ்கோர் பார்க்காமல் தூங்கப் போகிற மாதிரி.

அப்ப ஒதுக்கீட்டை ஒரே அடியா எடுத்துட்டா தீர்ந்துச்சே?

தீராது. இதை எனக்கு மலேசியா கற்றுத்தரவில்லை, இலங்கை கற்றுத்தந்தது.

1931ல் டொனமூர் அரசியலமைப்பு அங்கே இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தது. "இனி இனம் இல்லை, தொகுதிதான், ஆளுக்கு ஒரு ஓட்டு" என்று. தாளில் படித்தால் எவ்வளவு நன்றாக இருக்கிறது! 1936ல் அமைச்சர்கள் அத்தனை பேரும் சிங்களவர். பயந்துபோன தமிழ்த் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம், சிங்களவருக்குப் பாதி, மற்றவர்களுக்குப் பாதி என்று ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார், கிடைக்கவில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவரானார்கள். 1947ல் நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பியவர்கள் 1952ல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. 1956ல் ஆட்சிமொழி சிங்களம் மட்டும். 1970களில் பல்கலைக்கழகத்தில் சேரத் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட தரப்படுத்தல். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

இனவாரிப் பங்கு சிறைதான், ஆனால் சிறுபான்மைக்கு அது கூரையும்கூட. கூரையைப் பிரிக்கிற முன்னால் வேறு வீடு கட்டியிருக்க வேண்டும்: பறிக்க முடியாத குடியுரிமை, மொழி உரிமை, பாகுபாடு காட்டினால் வழக்குப் போட ஒரு சட்டம்.

வேற எந்த நாடாவது இதைத் தாண்டியிருக்கா?

ஃபிஜி ஓரளவு. நம் ஜனங்கள் கரும்புக்குப் போன இடம்தான். 1997 அரசியலமைப்பில் 71 இடத்தில் 46 இனவாரி. பூர்வகுடி பூர்வகுடிக்கும், இந்தியர் இந்தியருக்கும் ஓட்டுப் போட வேண்டும். நடுவில் மகேந்திர சவுத்ரி பிரதமராகி ஒரு வருஷத்தில் கவிழ்க்கப்பட்டார். 2013 அரசியலமைப்பு இனவாரிப் பட்டியலை அடியோடு எடுத்து, நாடு முழுக்க ஒரே தொகுதி, வாக்கு விகிதப்படி இடம் என்று வைத்தது. வேடிக்கை என்னவென்றால் அதைச் செய்தது ராணுவப் புரட்சியில் ஆட்சிக்கு வந்த அரசு. இன்னும் வேடிக்கை, 1987ல் பூர்வகுடிகளுக்காக என்று ஆட்சியைக் கவிழ்த்த ரபூக்காவே 2022ல் இனப்பட்டியல் இல்லாத தேர்தல் வழியாகப் பிரதமராகி, மறுவருஷம் அந்தப் பழைய செயலுக்கு மன்னிப்பும் கேட்டார். அதற்குள் ஏராளமான இந்தியர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். ஆகையால் "தாண்டியது" என்று நான் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

சிங்கப்பூரைப் பற்றிக் கேட்பார்கள். அங்கேயும் 1988 முதல் குழுத்தொகுதியில் ஒரு சிறுபான்மை வேட்பாளர் கட்டாயம். அதேசமயம் 2023 அதிபர் தேர்தலில் எந்த ஒதுக்கீடும் இல்லாமல் தர்மன் சண்முகரத்னம் 70 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினார். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உன் யோசனைதான் என்ன?

பெட்டியை மாற்ற வேண்டும். 2010ல் பிரதமர் நஜிப் காலத்தில் வந்த புதிய பொருளாதார மாதிரியே "இனத்தை விட்டுத் தேவையைப் பார்ப்போம்" என்றுதான் தொடங்கியது, எதிர்ப்பு வந்ததும் நீர்த்துப்போனது. அந்தக் கணக்குப்படி பார்த்தாலும் மிகப் பெரிய பங்கு மலாய் ஏழைகளுக்குத்தான் போகும், ஏனென்றால் ஏழைகளில் அவர்கள்தான் அதிகம். இதை அங்கே மலாய் மொழியில், கிராமத்தில் போய்ச் சொல்கிற ஆள் வேண்டும். தமிழில் நமக்கு நாமே சொல்லிக்கொண்டிருப்பதில் என்ன லாபம், நான் இங்கே எழுதுவது உட்பட.

2024ல் பிரதமர் அன்வார், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் பத்து ஏ வாங்கிய எல்லாருக்கும் இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் பத்து ஏ வாங்குவது டியூஷன் போகிற வீட்டுப் பிள்ளை. அம்மா துப்புரவு வேலை, அப்பா லாரி, ஏழு ஏ என்று ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இனம் பார்க்காமல் இருப்பதும் தேவையைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

கட்சி விஷயத்தில் நம்பிக்கை தருகிற சின்னச் சின்னச் சம்பவங்கள் உண்டு. 2014 தெலுக் இந்தான் இடைத்தேர்தலில், சீனர் கட்சி என்று பேர்வாங்கிய ஜனநாயக செயல் கட்சி ஒரு மலாய்ப் பெண்ணை நிறுத்தி 238 ஓட்டில் தோற்றது. அதே கட்சியின் இன்னொரு மலாய்ப் பெண், சைஃபுரா ஒத்மான், 2022ல் பெந்தோங்கில் ஜெயித்தார். 2019 கேமரன் மலை இடைத்தேர்தலில், காலங்காலமாக ம.இ.கா.வுக்கு விட்ட தொகுதியில், அம்னோ தலைமையிலான தேசிய முன்னணி ஓராங் அஸ்லி ஒருவரை நிறுத்தியது. அந்தப் பழங்குடியிலிருந்து மக்கள் வாக்களித்து நாடாளுமன்றம் போன முதல் ஆள் அவர். "நம்ம சீட்டு போச்சு" என்று இங்கே ஒரு அண்ணன் புலம்பினார். அந்த மலை யாருடையது அண்ணே என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார்.

தமிழ்ப் பள்ளிகள் என்னாகும்?

ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை தோட்ட நிலத்தில் தொடங்கியதால் இன்னும் பாதி உதவி பெறுகிற பள்ளிகள்தான். இவற்றை இன ஒதுக்கீட்டோடு போட்டுக் குழப்பாதீர்கள், இது மொழி உரிமை. தேவை அடிப்படை வந்தால் இந்தப் பள்ளிகளுக்கு இன்னும் அதிகமாகத்தான் வர வேண்டும்.

எங்க ஆச்சி பேரன் அங்கயே பிறந்தவன், எட்டு ஏ வாங்கியும் மெட்ரிகுலேஷன் கிடைக்கல. என்ன பண்றது?

முதலில் மேல்முறையீடு போடச் சொல்லுங்கள், ஆன்லைனில்தான், தேதி தவறினால் கதை முடிந்தது. அது கிடைக்காவிட்டால் உடனே தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்கிக் கட்ட ஓடாதீர்கள். பள்ளியிலேயே ஆறாம் படிவம் சேர்ந்து, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடுகிற எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதலாம். ஒன்றரை வருஷம், மூன்று பருவம், செலவு மிகக் குறைவு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கிறார்கள். மெட்ரிகுலேஷனைவிடப் பாடம் கடினம் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள், அது நிஜம்தான். என் சின்னத் தாத்தாவின் பேத்தி அழுதுகொண்டே சேர்ந்தாள், முதல் பருவத்தில் கணிதத்தில் சறுக்கி, மறுபடி எழுதி, இப்போது அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் மருந்தியல். பையனுக்கு எந்தப் பாடத்தில் ஏ இல்லை என்று கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள் ஆச்சியை, அவளிடம் பழைய நோட்டு இருக்கிறது.